‘ஒண்ணுமில்ல, கேஸ்தான்’

பதற்ற நோய்க்குப் பேச்சுத் தமிழில் தனிப் பெயர் அநேகமாகக் கிடையாது. அறிகுறிகளுக்குத்தான் பெயர், அதுவும் வண்டி வண்டியாக. நெஞ்சு படபடவென்று அடிக்கிறது, வயிற்றில் புளியைக் கரைக்கிறது, கைகால் உதறுகிறது, தலை கிர்ரென்று சுற்றுகிறது, குப்பென்று வேர்க்கிறது, மூச்சு முட்டுகிறது, ‘ஒரு மாதிரியா’ இருக்கிறது. மருத்துவரிடம் வருகிறவர் இவற்றில் ஒன்றைத்தான் சொல்வார். எடுத்த எடுப்பில் ‘பயமா இருக்கு’ என்று சொல்கிறவர் அரிது. நோய் மனத்தில் இருந்தாலும் முறையீடு உடம்பின் வழியாகத்தான் வருகிறது.

அந்த முறையீட்டுக்கு வடசென்னை வீடுகளில் ஒரு பதில் எப்போதும் தயாராக இருக்கும்: ‘ஒண்ணுமில்ல, கேஸ்தான்.’ ஒரு சோடா, கொஞ்சம் ஓமத் தண்ணீர், மருந்துக்கடையில் ஒரு அசிடிட்டி மாத்திரை. பெரும்பாலும் விஷயம் அதோடு முடிந்தும்போகிறது. ஆனால் மணலி புதுநகரிலும் அதைச் சுற்றியுள்ள எண்ணூர், திருவொற்றியூர்ப் பகுதிகளிலும் அந்தச் சொல்லுக்கு இன்னொரு பொருள் உண்டு. ‘நைட்டு கேஸ் வுட்டுட்டான்’ என்றால் பேச்சு வயிற்றைப் பற்றியது அல்ல, தொழிற்சாலைப் புகைபோக்கியைப் பற்றியது. ஆக, நெஞ்சடைப்பு என்று ஒருவர் உட்கார்ந்தால் இந்த ஊரில் இரண்டு விளக்கங்கள் உடனே கைக்கு வந்துவிடுகின்றன: வயிற்று கேஸ் அல்லது ஆலை கேஸ். இந்த இரண்டு கேஸுக்கும் நடுவில் பதற்ற நோய் பல வருடம் யார் கண்ணிலும் படாமல் காலம் தள்ளிவிடும்.

பயத்தின் வேலை

2023 டிசம்பர் 26, நள்ளிரவு நெருங்குகிற நேரம். கப்பலிலிருந்து கோரமண்டல் உரத் தொழிற்சாலைக்குத் திரவ அம்மோனியா கொண்டுபோகும் கடலடிக் குழாயில், எண்ணூர் பெரியகுப்பம் கரையோரம் கசிவு ஏற்பட்டது. தூங்கிக்கொண்டிருந்தவர்களை நெடியும் கண் எரிச்சலும் எழுப்பின. பெரியகுப்பம், சின்னக்குப்பம் சுற்றுவட்டாரத்து மக்கள் பிள்ளைகளைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு இருட்டில் ஓடினார்கள். ஐம்பதுக்கும் மேற்பட்டவர்கள் மருத்துவமனைகளில் சேர்க்கப்பட்டார்கள்.

அந்த ஓட்டத்தை நடத்தியது பயம். அது தன் வேலையைச் சரியாகத்தான் செய்தது. மூளையின் ஆழத்தில், இரண்டு பக்கமும் பாதாம் பருப்பு அளவில் இருக்கும் அமிக்டலா என்ற பகுதி ஆபத்தின் வாடை பட்டதும் மணி அடிக்கிறது. யோசிக்கிற மூளை ‘என்ன இது?’ என்று கேட்டு முடிப்பதற்குள் அட்ரினலின் ரத்தத்தில் கலந்துவிடுகிறது. ஓடுவதற்குக் கால்களுக்கு ரத்தம் வேண்டும், ஆகவே இதயம் வேகமாக அடிக்கிறது. ஆக்ஸிஜன் வேண்டும், ஆகவே மூச்சு வேகமாகிறது. உடம்பு சூடேறாமலிருக்க வேர்க்கிறது. செரிமானம் இப்போது அவசரமில்லை, ஆகவே வயிறு கலங்குகிறது. மேலே சொன்ன அறிகுறிப் பட்டியல் முழுவதும் உயிர் தப்புவதற்கான ஏற்பாட்டின் உதிரி பாகங்கள்தான்.

தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் எட்டு மெய்ப்பாடுகளில் ஒன்றாக அச்சத்தை வைத்து, அது பிறக்கும் இடங்கள் நான்கு என்கிறது: அணங்கு, விலங்கு, கள்வர், தம் இறை. நான்குமே வெளியில் இருப்பவை. மனநல மருத்துவம் கவனிப்பது ஐந்தாவது ஓர் இடத்தை. வெளியில் எதுவும் இல்லாதபோதும், இருந்து விலகிப்போன பிறகும், உள்ளே மணி அடித்துக்கொண்டே இருக்கிறதே, அந்த இடம்.

மணலி புதுநகரில் இந்தப் பிரிவினை அவ்வளவு சுலபமாக நடப்பதில்லை. 1969-ல் சுத்திகரிப்பு ஆலை, 1970-களின் தொடக்கத்தில் உர ஆலை என்று மணலியில் தொடங்கிய வரிசை, பெட்ரோகெமிக்கல் நிறுவனங்களும் அனல்மின் நிலையங்களும் துறைமுகங்களுமாக ஊரைச் சுற்றி வளைத்திருக்கிறது. இன்னொரு பக்கம் கொசஸ்தலையாறு. பூண்டி ஏரி நிரம்பி உபரி நீர் திறந்தால் அது கடலுக்குப் போகிற வழியில் இந்த ஊர் இருக்கிறது. 2021 நவம்பரில் தெருக்களில் வெள்ளம் நின்றது. 2023 டிசம்பர் முதல் வாரம் மிக்ஜாம் புயல். வெள்ளத்தோடு எண்ணெயும் பக்கிங்காம் கால்வாய் வழியாக எண்ணூர் முகத்துவாரத்துக்கு இறங்கி வலைகளிலும் படகுகளிலும் வீட்டுச் சுவர்களிலும் அப்பிக்கொண்டது. அதே மாதக் கடைசியில்தான் அம்மோனியா. 2020 ஆகஸ்டில் நடந்தது இன்னும் விசித்திரம்: பெய்ரூட் துறைமுகத்தில் 2,750 டன் அம்மோனியம் நைட்ரேட் வெடித்த மறுநாள்களில், மணலியில் ஒரு கன்டெய்னர் கிடங்கில் 2015-லிருந்து சுங்கத்துறை பறிமுதல் செய்து வைத்திருந்த அதே பொருள் சுமார் 700 டன் கிடக்கிறது என்ற செய்தி வந்தது. சரக்கு ஹைதராபாத்துக்குக் கிளம்புகிறவரை ஊர் நிம்மதியாகத் தூங்கவில்லை.

இப்படிப்பட்ட ஊரில் ‘பயப்படாதே’ என்பது வைத்தியம் ஆகாது. பயப்படக் காரணம் இருக்கிறது. எங்கே கோடு கிழிப்பது என்பதுதான் கேள்வி.

கோடு எங்கே

அக்டோபர் பிறந்ததும் பத்திரம், ரேஷன் கார்டு, பிள்ளைகளின் மார்க் ஷீட் எல்லாவற்றையும் பாலிதீன் உறையில் சுற்றிப் பரணில் ஏற்றி வைக்கிற குடும்பங்கள் உண்டு. அது முன்ஜாக்கிரதை. செய்து முடித்ததும் மனம் அமைதியாகிறது. இன்னொருவர் வானம் லேசாகக் கறுத்தாலே பூண்டியில் எத்தனை கன அடி திறந்தார்கள் என்று கைபேசியை இரவில் இருபது முறை பார்க்கிறார், ஒவ்வொரு முறை பார்த்ததும் பதற்றம் ஒரு நிமிடம் தணிந்து மறுபடி ஏறுகிறது, வேலைக்குப் போகமுடியவில்லை, வீட்டில் எரிந்து விழுகிறார், ஜனவரி வந்து மழை நின்ற பிறகு கவலை மகளின் கல்யாணத்துக்கும் கணவரின் இருமலுக்கும் தாவிக்கொள்கிறது. பொருள் மாறினாலும் கவலை மாறவில்லை. பதற்றம் ஆபத்தின் அளவைத் தாண்டியிருக்கிறதா, ஆபத்து போன பிறகும் தங்கியிருக்கிறதா, வாழ்க்கையைச் சுருக்கிவிட்டதா என்ற மூன்றையும் சேர்த்துப் பார்த்துத்தான் மருத்துவர் கோடு கிழிக்கிறார். மூன்றில் கடைசிதான் அதிகம் பேசும். ஒருவர் எதையெல்லாம் செய்வதை நிறுத்திவிட்டார் என்று கேட்டால் நோயின் அளவு தெரிந்துவிடும்.

மேலே சொன்னவருக்கு வந்திருப்பது பொதுப் பதற்ற நோய். பல விஷயங்களைப் பற்றிய கட்டுக்கடங்காத கவலை, தசை இறுக்கம், தூக்கக் குறைவு, எரிச்சல், சோர்வு ஆகியவை ஆறு மாதத்துக்கு மேல் பெரும்பாலான நாள்களில் இருந்தால் அந்தப் பெயர். பொது இடங்களில் நாலு பேர் பார்க்கிறார்களே என்று நடுங்கி, கையெழுத்துப் போடக்கூடக் கூசி, வேலை நேர்காணலுக்குப் போகாமலே இருப்பது சமூக அச்ச நோய். கூச்ச சுபாவம் என்று வீட்டில் பாராட்டுக்கூட வாங்கிக்கொண்டு இது பல வருடம் மறைந்திருக்கும். நாய், உயரம், ஊசி என்று ஒரே பொருளைப் பற்றிய கடும் பயம் தனி வகை. அதிலும் ரத்தம், ஊசிப் பயம் வினோதமானது. மற்ற பயங்களில் ரத்த அழுத்தம் ஏறும். இதில் ஏறிச் சட்டென்று இறங்கி ஆள் மயங்கி விழுவார். குழந்தைகளுக்கு அம்மாவைப் பிரிகிற பதற்றம் பெரும்பாலும் காலை ஏழரை மணி வயிற்றுவலியாக வரும், ஞாயிற்றுக்கிழமைகளில் வராது.

பேனிக் அட்டாக் என்று இப்போது எல்லோரும் சொல்லத் தொடங்கியிருக்கிற பீதித் தாக்கைக் கொஞ்சம் நின்று பார்க்கவேண்டும். திடீரென்று, காரணமே இல்லாமல், சில நிமிடங்களுக்குள் உச்சத்துக்குப் போகிறது. பெரும்பாலும் பத்து நிமிடத்தில் உச்சம், அரை மணிக்குள் தணிவு. அந்த அரை மணியில் ‘இதோ செத்துட்டேன்’ என்ற நிச்சயம் வருகிறது. வேகவேகமாக மூச்சு வாங்கும்போது ரத்தத்தில் கரியமில வாயு தேவைக்குக் கீழே குறைகிறது. அதனால் உதடும் விரல் நுனியும் மரத்துப்போகின்றன, தலை சுற்றுகிறது, சிலருக்கு விரல்கள் பின்னிக்கொள்கின்றன. மரத்துப்போவதைப் பார்த்து ‘பக்கவாதம்’ என்று பயம் இன்னும் ஏறுகிறது, மூச்சு இன்னும் வேகமாகிறது. உடம்பின் சாதாரண மாற்றத்தை உயிருக்கு ஆபத்து என்று தவறாகப் படிப்பதே இந்தச் சுழலின் அச்சாணி என்று 1986-ல் விளக்கியவர் பிரிட்டிஷ் உளவியலாளர் டேவிட் கிளார்க். ஒருமுறை வந்து போனால் அது நோய் ஆகாது. மறுபடி வந்துவிடுமோ என்ற பயம் ஒரு மாதத்துக்கு மேல் நீடித்து, வந்த இடத்துக்கெல்லாம் போகாமல் தவிர்க்கத் தொடங்கினால்தான் பீதி நோய்.

இந்தப் பிரிவுகள் பழையவை அல்ல. அமெரிக்க உள்நாட்டுப் போர்ச் சிப்பாய்களிடம் இதே படபடப்பைப் பார்த்த மருத்துவர் ஜேக்கப் டா கோஸ்டா, 1871-ல் அதை இதய நோயாகவே எழுதினார். 1895-ல் ஃப்ராய்ட் பதற்றத்தை நரம்புத் தளர்ச்சியிலிருந்து பிரித்தெடுத்தார். பீதி நோயும் பொதுப் பதற்ற நோயும் தனித்தனியானது 1980-ல் அமெரிக்க மனநலச் சங்கத்தின் நோய்க் கையேட்டுடைய மூன்றாம் பதிப்பில்தான். 2013-ல் வந்த ஐந்தாம் பதிப்பு, எண்ணச் சுழற்சி நோயையும் பேரதிர்ச்சிக்குப் பின் வரும் நோயையும் பதற்றக் குடும்பத்திலிருந்து வெளியே எடுத்துத் தனி வீடுகளில் வைத்தது. அம்மோனியா இரவு கனவில் திரும்பத் திரும்ப வருகிறவருக்கு, அந்த நெடியை நினைவூட்டும் ஃபினாயில் வாசனைக்கே உடம்பு தூக்கிப் போடுகிறவருக்கு, இந்தக் கடைசிப் பெயர்தான் பொருந்தக்கூடும்.

கண்டுபிடிப்பது

வெளிநோயாளிப் பிரிவில் பதற்ற நோயாளியை அவருடைய ஃபைலின் கனத்தை வைத்தே ஊகிக்கலாம் என்பது மருத்துவர்களின் அரைகுறை வேடிக்கை. நாலு ஈசிஜி, இரண்டு எக்கோ, ஒரு டிரெட்மில், ஒரு எண்டோஸ்கோபி, எல்லாவற்றிலும் ‘நார்மல்’. ஒவ்வொரு ‘நார்மலும்’ ஒரு வாரம் நிம்மதி தரும். பிறகு அடுத்த டெஸ்ட். கொரோனா காலத்தில் வாங்கிய ஆக்ஸிமீட்டர் சட்டைப் பையை விட்டு இறங்காது.

ஆனால் அவசரப்பட்டு ‘மனசுதான்’ என்று சொல்லிவிடுவதும் அதே அளவு தவறு. தைராய்டு மிகைச் சுரப்பு, ரத்தசோகை, சர்க்கரை இறக்கம், இதயத் துடிப்புக் கோளாறு எல்லாம் இதே முகத்தோடு வரும். ஆஸ்துமாவுக்கு இழுக்கும் சால்பியூட்டமால் இன்ஹேலரே கை நடுக்கமும் படபடப்பும் கொடுக்கும். தினமும் குடிக்கிறவர் இரண்டு நாள் நிறுத்தினால் வருகிற நடுக்கமும் பதற்றம்போலவே இருக்கும், ஆனால் அது உயிருக்கு ஆபத்தாக முடியக்கூடிய வேறு கதை. ஷிப்டுக்கு ஷிப்டு ஐந்தாறு டீ குடிக்கிறவரிடம் டீயின் கணக்கைக் கேட்காமல் மாத்திரை எழுதுவது வீண். நாற்பது வயதைத் தாண்டியவருக்கு முதல்முறையாக நெஞ்சுவலி வந்து தோள், தாடை, இடது கைக்குப் பரவினால் விவாதமே வேண்டாம், 108-ஐ அழைத்து ஈசிஜி எடுத்த பிறகுதான் மற்றது.

மணலிக்கென்று ஒரு கூடுதல் கேள்வி உண்டு: இன்று காற்றில் ஏதாவது இருந்ததா? அம்மோனியா போன்ற எரிச்சல் வாயு என்றால் கண் எரியும், மூக்கு ஒழுகும், தொண்டை அரித்து இருமல் வரும், ஸ்டெதாஸ்கோப்பில் இழுப்புச் சத்தம் கேட்கலாம், ஆக்ஸிஜன் அளவு இறங்கலாம், பக்கத்து வீட்டுக்காரருக்கும் அதே தொல்லை இருக்கும். பீதித் தாக்கில் கண் எரியாது. விரல் மரக்கும், ஆக்ஸிஜன் 98, 99 என்று காட்டும், அறையில் மற்றவர்கள் சும்மா உட்கார்ந்திருப்பார்கள். இரண்டும் ஒன்றாக வருவதும் உண்டு என்பதுதான் சிக்கல். ஆஸ்துமா உள்ளவர்களிடம் பதற்ற நோய் மற்றவர்களைவிட அதிகம் காணப்படுகிறது. மூச்சு முட்டினால் பயம் வரும், பயந்தால் மூச்சு முட்டும். பேனிக் வந்தால் காகிதப் பையில் மூச்சு விடச் சொல்வது சினிமாவில் இன்னும் நடக்கிறது. உள்ளே இருப்பது ஆஸ்துமாவோ இதயக் கோளாறோ என்றால் அது ஆபத்து என்பதால் மருத்துவம் அதைக் கைவிட்டுவிட்டது.

2024 அக்டோபர் 25 அன்று திருவொற்றியூரில் ஒரு பள்ளியில் சுமார் 35 மாணவர்கள் நெடி தாங்காமல் மூச்சுத் திணறியும் மயங்கியும் அவதிப்பட்டார்கள். பள்ளி மீண்டும் திறந்த நவம்பர் 4 அன்று மறுபடியும் சிலர் சுருண்டு விழுந்தார்கள். இப்படிப்பட்ட வேளையில் ஊர் இரண்டு கட்சியாகப் பிரிந்துவிடும்: ‘கேஸ்தான்’ என்று ஒன்று, ‘பயம்தான்’ என்று ஒன்று. இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பதே தவறான ஏற்பாடு. உண்மையாகவே ஒருமுறை வாயுவைச் சுவாசித்த உடம்பு அடுத்த சிறு நெடிக்கும் முழு மணியை அடிக்கும். அந்த இரண்டாவது மணி நடிப்பும் அல்ல, முதல் கசிவு பொய் என்பதற்கு ஆதாரமும் அல்ல. ‘பயம்தான்’ என்ற சொல்லை ஆலைகளுக்குச் சாதகமான சாட்சியாகப் பயன்படுத்துவது மருத்துவத்தின் வேலை இல்லை.

இந்தப் பாடத்தை இந்திய மனநல மருத்துவம் படித்த இடம் போபால். 1984 டிசம்பர் விஷவாயுக் கசிவுக்குச் சில மாதங்களுக்குப் பிறகு, லக்னோவிலிருந்து வந்த பி.பி. சேத்தியின் குழு பத்து அரசு கிளினிக்குகளில் 855 நோயாளிகளைப் பரிசோதித்தது. அவர்கள் உடம்புத் தொல்லைகளுக்காகப் பொது மருத்துவரைப் பார்க்க வந்தவர்கள். அவர்களில் 22.6 சதவீதம் பேருக்கு மனநோய் இருந்தது. அந்த எண்ணிக்கையில் நாலில் ஒரு பங்கு பதற்ற நோய், அதற்கு மேல் மனச்சோர்வு. பெரும்பாலோர் பெண்கள். நுரையீரல் கெட்டதும் உண்மை, மனம் கலங்கியதும் உண்மை. இருந்த மனநல மருத்துவர்கள் போதவே போதாது என்பதால், பெங்களூரு நிம்ஹான்ஸின் ஆர். ஸ்ரீனிவாச மூர்த்தியும் மற்றவர்களும் அங்கிருந்த பொது மருத்துவர்களுக்கே சில நாள் பயிற்சி கொடுத்து இந்த நோய்களைப் பார்க்கச் செய்தார்கள். மணலிக்கு வேண்டிய வழியும் அதுதான். நெஞ்சடைப்போடு வருகிறவரை முதலில் பார்ப்பது நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்து மருத்துவர், மனநல மருத்துவர் அல்ல.

அவருக்குக் கைகொடுக்க ஏழு கேள்விகள் கொண்ட ஒரு படிவம் இருக்கிறது. 2006-ல் ராபர்ட் ஸ்பிட்சர் குழு உருவாக்கிய இது தமிழிலும் கிடைக்கிறது. கடந்த இரண்டு வாரத்தில் கவலையை நிறுத்தமுடியாமல் இருந்ததா, நிம்மதியாக உட்காரமுடியாமல் இருந்ததா, ஏதோ விபரீதம் நடக்கப்போகிறது என்று பயமாக இருந்ததா என்பதுபோன்ற கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 மதிப்பெண், மொத்தம் 21. பத்தைத் தொட்டாலே விரிவாகப் பேசவேண்டும். படிவம் சந்தேகத்தைத்தான் கிளப்பும், தீர்ப்பு எழுதாது. எண்ணூரில் வாயு கசிந்த வாரத்தில் கொடுத்தால் தெரு முழுக்கப் பதினைந்து வாங்கும்.

எவ்வளவு பேர் என்றால், உலக அளவில் 2019-ல் 30 கோடிப் பேருக்குப் பதற்ற நோய் இருந்ததாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டது. இந்தியாவில் 2017-ல் சுமார் 4.5 கோடி. ஆண்களைவிடப் பெண்களுக்கு அதிகம். நிம்ஹான்ஸ் 2015-16-ல் தமிழ்நாடு உள்ளிட்ட 12 மாநிலங்களில் நடத்திய தேசிய மனநல ஆய்வில், பதற்றமும் மனச்சோர்வும் அடங்கிய பொதுவான மனநோய்கள் கொண்டவர்களில் 85 சதவீதம் பேர் சிகிச்சை இல்லாமல் இருந்தார்கள்.

தீர்ப்பது

சிகிச்சைக்கு முன்னால் ஊர் செய்கிற சிகிச்சை ஒன்று உண்டு. ‘பயந்த கோளாறு’ என்ற பழைய பெயர் இன்னும் உயிரோடு இருக்கிறது. தர்காவில் ஓதிக் கயிறு கட்டுகிறார்கள், அம்மன் கோயிலில் வேப்பிலை அடிக்கிறார்கள், மணலி புதுநகர் அய்யா வைகுண்ட தர்மபதியில் போய் உட்கார்ந்துவிட்டு வருகிறார்கள். ‘உனக்கு வந்திருப்பது பயம்’ என்று முகத்துக்கு நேரே சொன்ன வகையில் இந்த வைத்தியம் ‘கேஸ்தான்’ என்பதைவிட ஒரு படி மேல். கயிறும் இருக்கட்டும் மாத்திரையும் இருக்கட்டும் என்று சொல்கிற மருத்துவரிடம் நோயாளி திரும்பி வருவார்.

பேச்சு வழிச் சிகிச்சைகளில் பதற்ற நோய்க்கு மிக உறுதியான ஆதாரம் உள்ளது அறிவுசார் நடத்தைச் சிகிச்சை. வாரம் ஒருமுறை, எட்டிலிருந்து பதினைந்து அமர்வு வரை. அதன் நடுநாயகம், தவிர்த்த ஒன்றைப் படிப்படியாக எதிர்கொள்வது. ஒரு மாதிரிக்கு மணலி புதுநகரில் வசிக்கும் முப்பத்துநாலு வயதுப் பெண் ஒருவரை எடுத்துக்கொள்ளலாம். கூட்ட பஸ்ஸில் ஒருமுறை பேனிக் வந்தது. அதிலிருந்து தனியாக வெளியே போவதில்லை. போனாலும் கையில் தண்ணீர் பாட்டில், ரவிக்கையில் செருகிய பர்ஸில் ஒரு மாத்திரை, வண்டியில் ஓர இருக்கை. பாட்டிலும் மாத்திரையும் ஓர இருக்கையும் பாதுகாப்புபோலத் தெரிந்தாலும் ‘இதெல்லாம் இல்லாவிட்டால் செத்திருப்பேன்’ என்ற நம்பிக்கையை வளர்ப்பவை அவைதான்.

முதலில் பயத்துக்கு நூறுக்கு எத்தனை என்று மார்க் போட்டு ஒரு ஏணி எழுதுகிறார்கள். தெருமுனைக் கடைக்கு பாட்டில் இல்லாமல் போய்வருவது 20. ஷேர் ஆட்டோவில் நடு இருக்கையில் இடிபட்டுக்கொண்டு போவது 40. காலை எட்டரை பஸ்ஸில் திருவொற்றியூர் வரை 55. தேரடியில் மெட்ரோ ஏறிப் புதுவண்ணாரப்பேட்டை வரை 65. அதுவரை ரயில் மேம்பாலத்தில் போகும், வெளிச்சம் இருக்கும். அடுத்த நிலையம் தண்டையார்பேட்டை, அங்கே ரயில் சுரங்கத்துக்குள் இருக்கும். அது 80. சென்ட்ரல் வரை தனியாக 95. ஒவ்வொரு படியிலும் விதி ஒன்றுதான்: பயம் ஏறும்போது இறங்கி ஓடக்கூடாது, தானாகப் பாதி தணிகிறவரை அங்கேயே இருக்கவேண்டும். இருபதாவது நிமிடத்தில் அது தணிகிறது. ‘ஒன்றும் ஆகாது’ என்று நூறு பேர் சொன்னாலும் ஏறாத பாடம் உடம்பில் அப்போது ஏறுகிறது. இதோடு சிகிச்சை அறையிலேயே வேண்டுமென்று படபடப்பை வரவழைப்பதும் உண்டு. மாடிப்படி ஏறி இறங்குவது, நாற்காலியில் சுற்றுவது, ஸ்ட்ரா வழியாக மூச்சு விடுவது. படபடப்பு வரும், போகும், மாரடைப்பு வராது என்று கண்ணால் பார்ப்பதற்கு. மூச்சை நாலு எண்ணி இழுத்து ஆறு எண்ணி விடும் பயிற்சி துணைக்கு நல்லது. பதற்றத்தை வராமலே தடுக்கும் தாயத்தாக அதை மாற்றிக்கொண்டால் அதுவும் இன்னொரு தண்ணீர் பாட்டில்தான்.

இந்த ஏணியில் அம்மோனியா கிடையாது. உண்மையான நெடி வந்தால் ஈரத்துணியால் மூக்கைப் பொத்திக்கொண்டு காற்றடிக்கும் திசைக்குக் குறுக்கே விலகிப் போவதுதான் சரி, உட்கார்ந்து பழகுவது அல்ல. நியாயமான பயத்துக்கு மனநல மருத்துவத்தில் சிகிச்சை இல்லை. அதற்கு வேண்டியது சைரன், முன்னறிவிப்பு, காற்றில் என்ன இருக்கிறது என்று சொல்லும் கருவி, கேட்டால் பதில் சொல்கிற அதிகாரி. அம்மோனியாக் கசிவுக்குப் பிறகு எண்ணூர்க் குப்பத்து மக்கள் மாதக்கணக்கில் போராட்டப் பந்தல் போட்டு உட்கார்ந்தது நோயின் அறிகுறி இல்லை.

மருந்துகளில் முதல் வரிசை, செரடோனின் அளவைச் சீராக்கும் எஸிடலோபிராம், செர்ட்ராலின் போன்றவை. மனச்சோர்வுக்குக் கொடுப்பவையும் இவைதான். வேலை செய்ய இரண்டிலிருந்து ஆறு வாரம் பிடிக்கும். முதல் வாரம் குமட்டலும், சிலருக்குப் பதற்றம் கொஞ்சம் கூடுவதும் உண்டு. அதனால்தான் சிறிய அளவில் தொடங்குகிறார்கள். இந்த ஒரு வாரத்தைப் பற்றி முன்கூட்டியே சொல்லாததால் மூன்றாவது நாளே மாத்திரையைக் குப்பையில் போட்டவர்கள் கணக்கில்லை. அடிமைப்படுத்தும் மருந்து அல்ல, ஆனால் திடீரென்று நிறுத்தக்கூடாது.

அடிமைப்படுத்துவது வேறு வகை. 1960-ல் லிப்ரியம், 1963-ல் வேலியம் என்று லியோ ஸ்டெர்ன்பாக்கின் ஆய்வகத்திலிருந்து கிளம்பிய பென்சோடையஸிபைன்கள். அல்பிரஸோலம் விழுங்கினால் அரை மணியில் நிம்மதி. அந்த வேகமே அதன் வில்லங்கம். சில வாரத்தில் உடம்பு பழகி, அளவு ஏறி, நிறுத்தினால் பழையதைவிடப் பெரிய பதற்றமாகத் திரும்பும். 2014-லிருந்து அல்பிரஸோலமும் டயஸிபாமும் எச்1 அட்டவணையில் இருக்கின்றன. சீட்டு இல்லாமல் விற்கக்கூடாது, எழுதிய மருத்துவர், வாங்கியவர் பெயர்களைத் தனிப் பதிவேட்டில் எழுதி மூன்று ஆண்டு வைத்திருக்கவேண்டும். பழைய சீட்டைக் காட்டி ‘தூக்க மாத்திரை ரெண்டு’ வாங்குகிற வழக்கம் அதற்கெல்லாம் முன்பே ஊன்றிப்போனது. ராத்திரி ஒரு குவார்ட்டரும் இதே மூளை வாயிலைத்தான் தட்டுகிறது. மறுநாள் விடியற்காலைப் படபடப்பு அதன் வட்டி. மேடை நடுக்கத்துக்குக் கொடுக்கும் புரொப்ரனோலால் துடிப்பை அடக்கும், ஆனால் ஆஸ்துமா உள்ளவருக்கு மூச்சுக்குழாயைச் சுருக்கிவிடும். இந்தக் காற்றில் வாழ்கிறவரிடம் இழுப்பு உண்டா என்று கேட்காமல் அதை எழுதக்கூடாது.

போகிற இடம் தூரமில்லை. ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது, ஆலை ஒப்பந்தத் தொழிலாளிகளிடம் இஎஸ்ஐ அட்டை இருந்தால் அயனாவரம் இருக்கிறது, எந்த நேரமும் கட்டணமில்லாமல் பேச 14416, 104 என்ற எண்கள் இருக்கின்றன. உடல்நோய்க்குச் சமமாக மனநோய்க்கும் மருத்துவக் காப்பீடு தரவேண்டும் என்று 2017 மனநலப் பராமரிப்புச் சட்டம் சொல்கிறது. தடுப்பது ‘கேஸ்’ என்ற அந்த இரண்டெழுத்துச் சொல்லின் மூன்றாவது பொருள்தான். 1794-ல் தொடங்கி 1871-ல் இப்போதைய வளாகத்துக்கு வந்த மனநல மருத்துவமனையின் பெயரால், சென்னையில் யாரையும் ஒரே வார்த்தையில் தீர்த்துக்கட்டலாம்: ‘அது கீழ்ப்பாக்கம் கேஸ்.’ நெஞ்சடைப்புக்கு எக்கோ எடுக்க நகையை அடகு வைக்கிற குடும்பம், இலவசமாகக் கிடைக்கிற மனநலப் பிரிவின் வாசலில் தெரிந்தவர் யாராவது பார்த்துவிடுவார்களோ என்று திரும்பிவிடுகிறது. வேலைக்கான கேட் பாஸ் போய்விடுமோ, பெண்ணுக்கு மாப்பிள்ளை அமையாதோ என்ற கணக்கும் அதில் சேர்ந்துகொள்கிறது.

குணமான பிறகும் மாத்திரை ஆறு மாதத்திலிருந்து ஒரு வருடம் வரை தொடரவேண்டும், பிறகு வாரக்கணக்கில் சிறுகச் சிறுகக் குறைக்கவேண்டும். குறைப்பதற்கு வாழ்க்கை கொஞ்சம் அமைதியாக இருக்கும் காலத்தைத் தேர்ந்தெடுப்பது வழக்கம். அந்தக் காலம் மணலி புதுநகரில் அக்டோபருக்கும் டிசம்பருக்கும் நடுவில் வராது. ஆறு மாதம் ஐப்பசியில் முடிந்தாலும், பொங்கல் கழியட்டும், தையில் குறைத்துக்கொள்ளலாம் என்று அடுத்த மூன்று மாதத்துக்குச் சேர்த்துச் சீட்டு எழுதிக் கொடுப்பதுதான் உத்தமம்.